எங்கள் பந்தியில் குடை என்றால்

குடை என்றால் மழைக்குப் பிடிப்பது. எல்லாருக்கும் அதுதான். எங்கள் ஆட்களுக்கு அது வேறு.

நான் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவள். இருபத்திரண்டு வருஷமாகிறது. ஆறாவது வரைக்கும் படித்தேன். இப்போது பன்னிரண்டு பெண்கள் எனக்குக் கீழே வேலை செய்கிறார்கள். எல்லாரும் காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் இருக்கிறவர்கள். ஒரே நிறத்தில் சேலை, தலைக்கு வலை, கைக்கு உறை. முகூர்த்த நாளில் முதல் பஸ்ஸில் பாதி நாங்கள்தான்.

பந்தியில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று இருக்கிறது. தீர்ந்துபோச்சு. அதைச் சொல்லவே கூடாது. தீரப்போகுது என்றும் சொல்லக் கூடாது. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று நமக்குத் தெரியாது. சம்பந்தி வீட்டுக்காரராக இருப்பார். அவர் காதில் விழுந்தால் போதும். பத்து வருஷம் கழித்தும் சொல்வார், அவுங்க ஊட்டுக் கல்யாணத்துல ரசம் பத்தலை என்று. தாலி கட்டினது மறந்துபோகும். ரசம் பத்தாதது மறக்காது.

அதற்குத்தான் குடை.

அந்த வார்த்தை பிறந்தபோது நான் இருந்தேன். காரமடைப் பக்கம் ஒரு கல்யாணம். சமையல் வெளியே தகரக் கொட்டகையில். தாலி கட்டி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் ஓட்டை. ஓட்டைக்கு நேர் கீழே சாம்பார் அண்டா. எங்கள் சமையல் மாஸ்டர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக நின்றார். மழை விடவில்லை. கிளம்ப இருந்த ஒறம்பரை, சொந்தக்காரர்கள்கூட, சும்மா நிற்பானேன் என்று சாப்பிட உட்கார்ந்தார்கள்.

நான் வாளியோடு ஓடினேன். "சாம்பார் எப்படிங்க மாஸ்டர்?" என்று கேட்டேன். மாப்பிள்ளையின் மச்சான் அவருக்குப் பக்கத்திலேயே நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"குடை புடிச்சுட்டு இருக்கறேன் அம்மணி. பாத்துக்க" என்றார்.

புரிந்தது. அண்டாவில் அடி தெரிகிறது என்கிறார். மச்சான், "பாவம், நனையறாரு" என்றார். நான் போய் சாம்பாரைக் குறைத்து ரசத்தைக் கூட்டினேன். அன்றைக்கு ஒப்பேறிவிட்டது.

மறுநாள் வேறு மண்டபம். நல்ல வெயில். மாஸ்டர் அடுப்படியிலிருந்து, "அம்மணி, பொரியலுக்குக் குடை" என்றார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றையிலிருந்து அது எங்கள் வார்த்தை.

ஒரு வார்த்தை போதவில்லை. வேலை செய்யச் செய்ய அதுவே குட்டி போட்டது. ஒரு குடை என்றால் ஏதோ ஒரு பதார்த்தம் குறைகிறது. பொரியலோ பாயசமோ, சமாளித்துவிடலாம். ரெண்டு குடை என்றால் சோறே குறைகிறது. அதை எடுத்த எடுப்பில் யாரும் சொல்ல மாட்டோம். குடையை மடக்கு என்றால் பயமில்லை, தாராளமாக விடு.

மற்றதெல்லாம் சின்னவள் உண்டாக்கியது. எங்களில் வயசில் குறைந்தவள் அவள்தான். ரெண்டு குழந்தைக்குத் தாய். வாய் நீளம். ஐந்நூறு பேர் என்று சொல்லிவிட்டு எண்ணூறு பேரைக் கூட்டி வருகிற வீட்டுக்காரருக்கு அவள் வைத்த பெயர் கிழிஞ்ச குடை. முதல் பந்தியிலும் மூன்றாம் பந்தியிலும் உட்காருகிற ஒல்லியான ஆள் குடைக்கம்பி. இப்படி ஒருவராவது இல்லாத கல்யாணம் கிடையாது. சாப்பிட்டு முடித்து, இலையையும் மடித்துவிட்டு, எழுந்திருக்காமல் ஊர்க்கதை பேசுகிறவர் மறந்து வெச்ச குடை. "அக்கா, மூணாவது வரிசையில ஒரு குடையை மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்பாள். நான் போய், "கை கழுவத் தண்ணி அந்தப்பக்கமுங்க" என்பேன். எழுந்துவிடுவார்.

பஸ்ஸிலும் அதே பேச்சுத்தான். ஒரு தரம் கண்டக்டர் பொறுக்காமல் கேட்டார். "ஏனுங்க்கா, வெயில் மண்டையைப் பொளக்குது. என்னேரமும் குடை குடைங்கறீங்க?"

சின்னவள், "எங்களுக்கு மட்டும் மழை பெய்யுதுங்ணா. நீங்க டிக்கெட்டைக் குடுங்க" என்றாள்.

வீட்டிலும் வந்துவிட்டது. எனக்கு முட்டி வலி. படியேறும்போது நின்றால் என் வீட்டுக்காரர், "என்ன, காலுக்குக் குடையா?" என்பார். அவர் பெயின்ட் அடிக்கிறவர். அவருக்கும் எங்கள் வேலைக்கும் சம்பந்தமில்லை.

குடை பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அது நான் கண்டுபிடித்தது. சொல்லிக்கொள்வதில் கூச்சமில்லை. முழுக் கரண்டியோடு ஒரு நடை போகக் கூடாது. அரைக் கரண்டியோடு மூன்று நடை போக வேண்டும். சாப்பிடுகிறவர் கரண்டியைப் பார்ப்பதில்லை. எத்தனை தரம் வந்து கேட்டாள் என்றுதான் பார்ப்பார். மூன்றாம் தரம் அவரே இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்துவிடுவார். கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, நெம்பக் கவனிச்சாங்க என்று சொல்லிக்கொண்டே போவார். இதைப் பன்னிரண்டு பேருக்கும் கையைப் பிடித்துப் பழக்கினேன். மணிக்கட்டை லேசாகச் சாய்க்க வேண்டும். முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது.

வார்த்தை எங்களோடு நிற்கவில்லை. உக்கடம் பக்கம் ஒரு பாய் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பிரியாணி. சமைக்கிற பண்டாரி பெரியவர், வெள்ளைத் தாடி, அதிகம் பேசாதவர். அவருக்கும் எனக்கும் அதனாலேயே ஒத்துப்போனது. நாங்கள் எங்களுக்குள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசித் தேக்சா அண்டாவில் கறித்துண்டு குறைந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, கறிக்கு உங்க குடையைக் கொஞ்சம் கடன் குடுக்கறீங்களா?"

"எடுத்துக்குங்க பாய். திருப்பித் தர வேண்டாம்" என்றேன்.

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு பூ அலங்காரம் செய்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிற பெண்கள், மண்டபத்து வாட்ச்மேன் வரைக்கும் அந்த வார்த்தை போனது. எது வரைக்கும் போயிருக்கிறது என்று எனக்கு ஒரு நாள்தான் தெரிந்தது. அந்த நாளைச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மண்டபம். கீழே கல்யாணம். மாடியில் ஒரு சின்ன ஹால், அதில் அன்றைக்கு வேறு ஒரு வீட்டு வளைகாப்பு. கீழே எங்கள் வேலை. மாடிக்கு வேறு ஆட்கள், யாரென்று தெரியாது.

கல்யாணப் பெண்ணின் அப்பா வார்ப்படப் பட்டறையில் வேலை செய்கிறவர். ரெண்டு கையிலும் பழைய தீப்பட்ட வடு. ஒரே பெண். அம்மா இல்லாத பெண். முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஐந்நூறு பேருங்க. நல்லா எண்ணிட்டேன். மாப்பிள்ளை ஊடு வசதியானவங்க. என்ற பொண்ணை நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிரக் கூடாது. சாப்பாடு மட்டும் பாத்துக்குங்க" என்றார். மற்றதைப் பற்றி அவர் பேசவில்லை. பேசவும் தெரியாதவர் மாதிரி இருந்தார்.

"பாத்துக்கறனுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் அவர் வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். கையைக் கூப்பிக்கொண்டு, போகிற வருகிற எல்லாரையும், "ஏனுங்க, சாப்ட்டுட்டுத்தான் போகோணும்" என்று கூப்பிட்டார். பெண் வீட்டில் அப்படித்தான். அப்பன் நின்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் விட்டால் குறை.

ஒரு பந்திக்கு நூற்று இருபது இலை. மூன்று பந்தி நன்றாகப் போனது. நாலாவது பந்தியும் நிறைந்தது. அவர் சொன்ன கணக்குப்படி அது நிறைந்தால் இருபது பேர்தான் மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் பந்தி வாசலில் இன்னொரு நூறு பேர் நின்றார்கள். நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டு சிலர்.

மாஸ்டர் என்னை ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒரு விரலைக் காட்டினார். பிறகு ரெண்டாவது விரலையும் நீட்டினார்.

ரெண்டு குடை.

அடுப்படிக்குப் போனேன். "அரிசி?" என்றேன்.

"இருக்கற அரிசி இருவத்தஞ்சு பேருக்குத்தான். வாங்கிட்டு வந்து ஒலை வெச்சு வடிக்க முக்கால் மணி நேரம் ஆகும் அம்மணி" என்றார் மாஸ்டர். அவருக்கு வேர்த்திருந்தது. அடுப்பினால் அல்ல.

எங்கே தப்பு என்று எனக்குப் புரியவில்லை. அந்த மனிதர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. திரும்பி வந்து நாலாவது பந்தியில் தண்ணீர் வைத்தேன். பட்டுச் சேலை கட்டின ஒரு அம்மா என் கையைத் தொட்டுக் கேட்டார்.

"ஏனம்மணி, மேல வளைகாப்பு ஆரம்பிச்சுட்டாங்களா?"

"நீங்க மேலுக்கு வந்தவங்களாங்க?"

"ஆமா. படியேறப் போனோம். பொண்ணோட அப்பா கையெடுத்துக் கும்புட்டு, சாப்ட்டுட்டுப் போங்கன்னாரு. இல்லீங்க, நாங்க மேலன்னு சொல்றதுக்குள்ள மறுக்கா கும்புட்டாரு. அப்பறம் எப்படி வேண்டாங்கறது? மனசு சங்கடப்படுவாரு."

பக்கத்தில் இருந்தவர், "நாங்களும் மேலதானுங்க" என்றார். அந்த வரிசை முழுக்க அப்படித்தான் தலையாட்டினார்கள். எல்லாரும் மரியாதைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுபது பேராவது இருப்பார்கள். கூப்பிட்டவருக்கு யார் எந்த வீடு என்று தெரியவில்லை. வந்தவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். கோபம் வரவில்லை எனக்கு. இப்படிப்பட்ட ஊரில்தான் நான் இருக்கிறேன் என்று இருந்தது.

சின்னவள் காதோடு, "அக்கா, அவரைப் போயி நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்."

சொன்னால் அவர் நிறுத்திவிடுவார். பெண்ணைப் பெற்றவர் கூப்பிடுவதை நிறுத்தினால் ஊரே பார்க்கும். முகம் வெளுத்துவிடும். அதை மாப்பிள்ளையின் பெரியப்பா முதலில் பார்ப்பார். அந்தப் பெரியப்பா காலையிலிருந்தே குற்றம் தேடிக்கொண்டிருந்தார். டிபனில் இட்லி ஆறிவிட்டது என்றார். தண்ணீர் பாட்டில் சின்னது என்றார். அவர் இன்னும் சாப்பிடவில்லை. ஐந்தாவது பந்தியில் சாவகாசமாக உட்காரப் போகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"அஞ்சாவது பந்தியை உக்கார வையி. உப்புல இருந்து ஆரம்பி. ஒண்ணு வெச்சா அடுத்தது வர நேரமாகோணும். நான் வார வரைக்கும் சோறு வரக் கூடாது" என்றேன் சின்னவளிடம்.

"எவ்வளவு நேரங்க்கா?"

"தெரியாது."

பின்பக்கம் இரும்புப் படி இருக்கிறது. அதில் ஏறினேன். முட்டி வலித்தது. நிற்கவில்லை.

மாடி ஹால் பாதி காலி. நாற்காலியெல்லாம் சும்மா கிடந்தது. நடுவில் மாசமாக இருந்த பெண் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் மேஜை போட்டு ஏழு அண்டா. கட்டுச்சோறு. புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள்ளு, தயிர், சர்க்கரைப் பொங்கல். மாசமான பெண்ணுக்குத் தாய் வீட்டார் கட்டிக்கொண்டு வருகிற சோறு. இப்போதெல்லாம் ஹாலிலேயே செய்துவிடுகிறார்கள். ஒரு அண்டாவும் தொடவில்லை.

அண்டாவுக்குப் பின்னால் ஒரு மாஸ்டர். இளவயசு. நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவரைச் சுற்றி அந்த வீட்டு ஆட்கள் நின்றார்கள். கீழே சோறு இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னால், அது எனக்கு முன்னால் படியிறங்கிக் கீழே போய்விடும்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது. "மாஸ்டர், கீழ ரெண்டு குடைங்க."

சொன்ன பிறகுதான், இவருக்கு எப்படிப் புரியும் என்று நினைத்தேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மெதுவான குரலில், "எத்தனை இலைங்க்கா?" என்றார்.

பெருந்துறைப் பக்கம் அவர் சொந்த ஊர் என்று பிறகு சொன்னார். அவர் ஆட்கள் நாலு வருஷமாக அப்படித்தான் பேசுகிறார்களாம். யாரிடமிருந்து வந்தது என்று தெரியாதாம். எனக்குத் தெரியும். ஓட்டைத் தகரத்துக்குக் கீழே ஒரு கையில் கரண்டியோடு நின்ற ஆளிடமிருந்து வந்தது. நான் சொல்லவில்லை. நேரமில்லை.

"நூறு இலை. ஆனா உங்க வீட்டுக்காரங்களைக் கேக்காம எடுக்க மாட்டேன்" என்றேன்.

அவர் கையைக் காட்டினார். மாசமான பெண்ணின் அம்மா. ஐம்பது வயசிருக்கும். தனியாகக் கூப்பிட்டுப் போய் உள்ளதைச் சொன்னேன். உங்கள் ஆட்கள் எழுபது பேர் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா தெரியாமல் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு இது தெரிந்தால் தாங்க மாட்டார்.

அந்த அம்மா முதலில் கீழே எட்டிப் பார்த்தார். அந்த மனிதர் அப்போதும் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அதான் எங்க ஒறம்பரையைக் காணமா? நான் ரோட்டுல டிராபிக்குன்னு நெனச்சுட்டு இருக்கறேன்" என்றார். சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, "எங்க ஆளுக உங்க ஊட்டுச் சோறு தின்னா, உங்க ஆளுக எங்க ஊட்டுச் சோறு திங்கோணுமல்லங்க. எங்க ஊட்டாளுக ஒரு முப்பது பேருக்கு மட்டும் வெச்சுட்டு மீதியைக் கொண்டுட்டுப் போங்க. மாசமா இருக்கறவளோட கட்டுச்சோறு, கல்யாணப் பந்திக்கு நல்லதுதான். மேல இருந்து ஆசையா குடுத்தாங்கன்னு சொல்லுங்க. பொய் இல்லை" என்றார்.

நான் அவரைக் கும்பிட்டேன். எனக்குக் கும்பிடுவது பழக்கமில்லை.

எங்கள் ஆட்களில் ஆறு பேரைக் கூப்பிட்டேன். அந்த மாஸ்டரின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். வாளி வாளியாக இரும்புப் படியில் இறக்கினோம். முன்பக்கம் நின்ற பெண்ணின் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

கீழே சின்னவள் பந்தியை இழுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, நாலு நிமிஷம் கழித்து ஊறுகாய். பிறகு சிப்ஸ். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, "போதுமாங்க, இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று ஒவ்வொரு இலையிலும் நின்று கேட்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா சூப்பர்வைசர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மணி, உங்க ஊட்டுச் சோறு ஊட்டியில இருந்தா வருது?"

"ஆமாங்ணா. மலை ரயில்ல ஏத்தி உட்டிருக்குது. குன்னூரு தாண்டிருச்சாம்."

அந்த வரிசையே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்துவிட்டார். சிரிக்கிற ஆளுக்குப் பசி கொஞ்சம் தள்ளிப்போகும். அது அவளுக்குத் தெரியும்.

நான் புளிச்சோற்று வாளியோடு நேராகப் பெரியப்பா இலைக்குத்தான் போனேன். ஒளிந்து போனால்தான் சந்தேகம் வரும்.

"இதென்ன, கல்யாணத்துல புளிச்சோறு?"

"மேல வளைகாப்புங்க. மாசமா இருக்கற பொண்ணோட கட்டுச்சோறு. புதுசா தாலி கட்டுன பொண்ணு பந்தியில போடோணும்னு ஆசையா குடுத்தனுப்புனாங்க. எல்லாருக்கும் வந்துராதுங்க இது. கடைசிப் பந்திக்குத்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நல்லதுதானே" என்றார். தின்றார். எள்ளுச்சோறு மறுபடி கேட்டார். மாஸ்டர் கடைசி அரிசியை வடித்து ரசத்துக்கும் மோருக்கும் கொஞ்சம் வெள்ளைச்சோறு அனுப்பினார். அரைக் கரண்டி, மூன்று நடை. கேட்ட இலைக்கு இல்லை என்று ஒரு தரமும் சொல்லவில்லை. தயிர்ச்சோறு கடைசி வரிசையில் கடைசி இலை வரைக்கும் போனது. வாளியை நான் கவிழ்த்துத் தட்டினேன். சரியாக அவ்வளவுதான்.

பெரியப்பா கை கழுவிவிட்டு வாசலில் பெண்ணின் அப்பாவிடம் போனார். நான் பாத்திரம் எடுக்கிற மாதிரி பின்னால் போனேன். "கட்டுச்சோறு போட்டீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க" என்றார் அவரிடம். பெண்ணின் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடியிலிருந்து அன்பாகக் கொடுத்தார்கள் என்று நான் சொன்னேன். உடனே மாடிப்படியைப் பார்த்துக் கும்பிட்டார்.

இனி ஒரு காரியம் பாக்கி. எங்கள் ஊர்ப்பக்கம் நல்ல வீடுகளில், பந்தியெல்லாம் முடிந்த பிறகு பரிமாறினவர்களை உட்கார வைத்து வீட்டுக்காரரே பரிமாறுவார். எல்லா வீட்டிலும் செய்வதில்லை. இவர் செய்வார் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் ஒன்றும் இல்லை. அவர் வந்து அண்டாவைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். சூடாக இருக்கிறது, தொடாதீர்கள் என்று சொல்லலாம். உருகின இரும்பு ஊற்றுகிற ஆளிடம் அது செல்லாது.

"பதிமூணு இலை போடுங்க. மடிங்க" என்றேன்.

பெண்களுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு ஓடினார்கள். கடைசி வரிசையில் பதிமூன்று இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பைக் கொஞ்சம் தூவி, சாப்பிட்டு முடித்த மாதிரி மடித்தார்கள். அவசரத்தில் ஒருத்தி இலையை எதிர்ப்பக்கமாக மடித்தாள்.

"நம்ம பக்கமா மடி. கல்யாண ஊடு" என்றேன். பிரித்துத் திருப்பி மடித்தாள். இழவு வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். பொய் இலைக்கும் அது பொருந்தும்.

அவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டை இடுப்பில் சுற்றியிருந்தார். பரிமாறுவதற்கே வந்திருந்தார். மடித்த இலைகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சாப்ட்டுட்டீங்களா? நான் போடலாம்னு வந்தனுங்களே."

"பசி பொறுக்கலீங்க. நாங்களே போட்டுச் சாப்ட்டுட்டோம். குறையா நெனைக்காதீங்க" என்றேன்.

"வயிறு ரொம்புச்சுங்களா?"

"ரொம்புச்சுங்க" என்றார்கள் பன்னிரண்டு பேரும். ஒரே குரல்.

அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. ஆளுக்கு ஒரு தாம்பூலப்பை கொடுத்தார். ரெண்டு கையாலும் கொடுத்தார். மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சின்னவளுக்குக் கண் இருட்டியது. காலையில் ஆறு மணிக்கு ஒரு டீ குடித்தவள். பேக்கரியில் ஆளுக்கு ரெண்டு பன்னும் டீயும் சொன்னேன். பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே அவள், "அக்கா, பதிமூணு இலையில நான் மடிச்ச இலைதான் நெஜமாலுமே தின்ன மாதிரி இருந்துச்சு. பாத்தீங்களா?" என்றாள். பேக்கரிக்காரருக்கு என்ன சிரிப்பு என்று புரியவில்லை. நானும் சிரித்தேன். எத்தனையோ கல்யாணம் பார்த்துவிட்டேன். அவ்வளவு ருசியான பன் எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை.

ஆறு மாதம் போனது. காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. முன்பக்கம் ஒரு குரல், "ஏனுங்க, இங்க வாங்க" என்றது. அவர்தான், அந்தப் பெண்ணின் அப்பா. பக்கத்தில் ஒரு ஆள், அவரோடு பட்டறையில் வேலை செய்கிறவர் போல. அவரிடம் என்னைக் காட்டினார்.

"இந்த அம்மாதான் என்ற பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தி பாத்தது. நான் ஐந்நூறு பேருன்னு சொன்னேன். சரியா ஐந்நூறு பேரு. ஒருத்தரும் பசியோட போகலை. மாப்பிள்ளை ஊட்டுல இன்னைக்கும் அந்தச் சாப்பாட்டைச் சொல்றாங்க. பொண்ணு சொல்லும்போது எனக்கு எப்படி இருக்குது தெரியுமா?"

பிறகு என்னைப் பார்த்தார். "நான் சொல்றது நெசந்தானுங்க?"

"ஆமாங்க. ஒருத்தரும் போகலீங்க" என்றேன்.

அவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். வேண்டாம் என்றேன். ரெண்டாம் தரமும் சொன்னார். மூன்றாம் தரம் கையைக் கூப்பினார். உட்கார்ந்துகொண்டேன்.